மஞ்சள் மலைப்பாம்பு வீட்டுக்கு வரலாமா? மரபணு, சட்டம், மதுரை வெயில்

விமான நிலையத்தில் ஒரு பயணியின் பெட்டிக்குள் மலைப்பாம்புக் குட்டிகள் பிடிபட்டன என்று செய்தி வருகிறது. அதே வாரத்தில், வெள்ளையும் மஞ்சளுமான ஒரு பாம்பைக் கையில் சுற்றிக்கொண்டு, ‘இதை வீட்டில் வளர்க்கச் சட்டம் இடம் தருகிறது’ என்று ஒருவர் பேசும் காணொளியும் கைபேசிக்கு வந்து சேருகிறது. 2023 ஜூலையில் கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்கு வந்த ஒரு பயணியிடம் 47 மலைப்பாம்புகளும் 2 பல்லிகளும் சிக்கின. அழகர்மலை அடிவாரத்திலும் மேலூர், நத்தம் பக்கத்து வயல்களிலும் மலைப்பாம்பு பிடிபட்டு வனத்துறையிடம் ஒப்படைக்கப்படுவதும் நமக்குப் பழகிய செய்திதான். ஓரிடத்தில் கடத்தல் பொருள், ஓரிடத்தில் செல்லப்பிராணி, ஓரிடத்தில் மீட்கப்படும் காட்டுயிர் என்றால், படிப்பவர்கள் குழம்பாமல் என்ன செய்வார்கள்?

குழப்பத்தின் முதல் முடிச்சை எளிதாக அவிழ்க்கலாம். நம் வயல்களில் பிடிபடுவது ஓர் இனம். பயணிகளின் பெட்டியில் சிக்குவதும் காணொளிகளில் தெரிவதும் பெரும்பாலும் வேறோர் இனம். அந்த இரண்டாம் இனத்துக்குள்ளும் ஆவணம் உள்ள பாம்பு, ஆவணம் இல்லாத பாம்பு என்று இரண்டு வகை. இரண்டாவது முடிச்சு நிறம். ஆசை நிறத்தின் மீது பிறக்கிறது. ஆனால் சட்டமும் வெயிலும் நிறத்தைப் பார்ப்பதில்லை. அந்த நிறத்துக்கு அடியில் இருக்கும் உயிரைத்தான் பார்க்கின்றன. வாங்குகிறவர்களும் அங்கிருந்தே தொடங்க வேண்டும் என்பதற்காகவே இந்த விளக்கம்.

எந்த மலைப்பாம்பு?

இந்தப் பேச்சில் மூன்று இனங்கள் அடிபடுகின்றன.

1. இந்திய மலைப்பாம்பு. நம் மலைகளிலும் கண்மாய்க் கரைகளிலும் வாழ்வது இதுதான். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972-இன் முதல் அட்டவணையில் இருக்கிறது. புலிக்கும் யானைக்கும் உள்ள அதே உச்சப் பாதுகாப்பு இதற்கும் உண்டு. வீட்டில் வைத்துக்கொள்வதற்கு எந்த வழியும் இல்லை.

2. பர்மிய மலைப்பாம்பு. 15 அடியைத் தாண்டியும் வளரக்கூடியது. வெளிநாட்டில் செல்லப்பிராணியாக விற்கப்படும் பெரிய மஞ்சள் பாம்புகள் பெரும்பாலும் இதன் அல்பினோ, அதாவது கருநிறமி இல்லாத, வடிவம். ஆனால் இந்த இனம் வடகிழக்கு இந்தியக் காடுகளிலும் இயற்கையாக வாழ்கிறது. ‘இது வெளிநாட்டுப் பாம்பு, நம் சட்டம் தொடாது’ என்று விற்பவர் சொன்னால் நம்ப வேண்டாம்.

3. பால் பைத்தான். அறிவியல் பெயர் பைத்தான் ரீஜியஸ். மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. மிரண்டால் தலையை நடுவில் ஒளித்துக்கொண்டு பந்தாகச் சுருண்டுவிடும். அதனால்தான் இந்தப் பெயர். முழு வளர்ச்சியில் 3 முதல் 5 அடி. நஞ்சு கிடையாது. உலகம் முழுவதும் நிற வேறுபாட்டுக்காக வளர்க்கப்படும் மலைப்பாம்பு என்றால் முதலில் இதுதான். இனி இந்தக் கட்டுரையில் பேசப்போவதும் இதைப் பற்றியே.

கானா, டோகோ, பெனின் நாடுகளின் புல்வெளிகளிலும் வயலோரங்களிலும் இது வாழ்கிறது. பகலில் எலி வளைக்குள்ளும் கறையான் புற்றுக்குள்ளும் கிடந்து, இரவில் வெளியே வரும். பெனின் நாட்டின் விதா நகரில் இந்தப் பாம்புகளுக்கென்றே ஒரு கோயில் இருக்கிறது. அங்கே இவற்றைக் கொல்வது பெரும் பாவம். ஆடி மாதத்தில் புற்றுக்கு மஞ்சள் பூசும் நம் ஊர்க்காரர்களுக்கு அந்த மனநிலை அந்நியமாகத் தோன்றாது. ஆனால் அதே நாடுகளிலிருந்துதான் பல பத்தாண்டுகளாக இந்தப் பாம்புகள் உயிரோடு பெருமளவில் ஏற்றுமதியும் ஆகின்றன. புற்றுக்குள் வாழும் பிராணி என்ற செய்தியை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பராமரிப்பு முழுவதும் அதிலிருந்துதான் பிறக்கிறது.

நிறம் எங்கிருந்து வருகிறது?

காட்டில் வாழும் பால் பைத்தான் கரும்பழுப்பு நிறம். இடையிடையே பொன்பழுப்புத் திட்டுகள். காய்ந்த சருகுக்குள் கிடந்தால் கண்ணுக்கே தெரியாது. கருமையைத் தருவது மெலனின் என்ற நிறமி. மஞ்சளைத் தருவது வேறு நிறமி. இவற்றை உருவாக்கும் உயிரணுக்கள், கரு வளரும்போது முதுகுப் பக்கத்திலிருந்து தோல் முழுவதும் பரவுகின்றன. இந்த வேலையில் எந்தக் கட்டத்திலாவது ஒரு மரபணு மாறியிருந்தால் பாம்பின் தோற்றம் மாறும். அப்படி மாறிய, அடுத்த தலைமுறைக்கும் கடத்தப்படும் தோற்றத்தைத்தான் வளர்ப்பவர்கள் ‘மார்ஃப்’ என்கிறார்கள். மார்ஃப் என்பது தனி இனமும் இல்லை, கலப்பினமும் இல்லை.

அல்பினோவில் நிறமி அணுக்கள் இருக்கின்றன. ஆனால் மெலனின் உற்பத்தி நடப்பதில்லை. கருமை போய்விட, மஞ்சளும் வெள்ளையும் மிஞ்சுகின்றன, கண் சிவக்கிறது. பைபால்ட் வகையில் கதையே வேறு. அங்கே வெள்ளைப் பகுதிகளில் நிறமி அணுக்களே இல்லை; மற்றப் பகுதிகளில் இயல்பான நிறம் இருக்கும். பார்ப்பதற்கு இரண்டும் ‘வெள்ளைப் பாம்பு’தான், உள்ளே நடப்பது வெவ்வேறு. வளர்ப்பில் அல்பினோ பால் பைத்தான் முதன்முதலில் இனப்பெருக்கத்தால் கிடைத்தது 1992-இல்; பைபால்ட் 1997-இல். இன்று பல மார்ஃப்களை ஒன்றோடொன்று சேர்த்து ஆயிரக்கணக்கான சேர்க்கைகளை உருவாக்கிவிட்டார்கள்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி ஒன்று உண்டு. அல்பினோ நிறத்துக்குக் காரணமான மரபணு எது என்பதை அமெரிக்காவின் கிழக்கு மிச்சிகன் பல்கலைக்கழக மாணவர்களும் ஆசிரியர்களும் 2022-இல் வெளியிட்டார்கள். அவர்கள் பாம்புக்கு ஊசி போட்டு ரத்தம் எடுக்கவில்லை. வளர்ப்பவர்கள் அஞ்சலில் அனுப்பிய உரித்த சட்டைகளிலிருந்தே மரபணுவை எடுத்தார்கள். மெலனின் உற்பத்தியைத் தொடங்கிவைக்கும் டைரோசினேஸ் என்ற நொதியின் மரபணுவில்தான் பழுது இருந்தது. மனிதர்களில் ஒரு வகை அல்பினிசத்துக்கு, அதாவது நிறமிக் குறைபாட்டுக்கு, காரணமாவதும் அதே மரபணுதான்.

‘66 சதவீத ஹெட்’ என்றால்?

பத்தாம் வகுப்பில் மெண்டலின் பட்டாணிச் செடியைப் படித்தவர்களுக்கு இது புதிதன்று. ஒவ்வொரு மரபணுவும் தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என இரு பிரதிகளாக வருகிறது. அல்பினோ, பைபால்ட் இரண்டும் ஒடுங்கு பண்புகள். இரு பிரதிகளும் மாறியிருந்தால்தான் நிறம் வெளியே தெரியும். ஒரு பிரதி மட்டும் மாறியிருந்தால் பாம்பு சாதாரண நிறத்தில் இருக்கும். ஆனால் அந்த மாற்றத்தைச் சுமந்துகொண்டிருக்கும். இப்படிச் சுமக்கும் பாம்புதான் ‘ஹெட்’.

இரண்டு ஹெட் பாம்புகளைச் சேர்த்தால் குட்டிகளுக்கு உள்ள வாய்ப்பு இது:

1. 4-இல் 1 பங்கு: இரு பிரதியும் மாறியது. அல்பினோ.
2. 4-இல் 2 பங்கு: ஒரு பிரதி மாறியது. சாதாரண நிறம், ஆனால் சுமப்பது.
3. 4-இல் 1 பங்கு: எதுவும் மாறாதது. சாதாரண நிறம், சுமக்காதது.

இரண்டாவதையும் மூன்றாவதையும் கண்ணால் பிரித்தறிய முடியாது. சாதாரண நிறத்தில் பிறக்கும் மூன்று பங்கில் இரண்டு பங்கு சுமப்பவை. மூன்றில் இரண்டு என்றால் ஏறத்தாழ 66 சதவீதம். ஆக, ‘66 சதவீத ஹெட்’ என்று எழுதப்பட்ட குட்டியின் உடலில் 66 சதவீத அல்பினோத்தனம் ஒன்றும் இல்லை. அந்தக் குட்டி முழுமையாகச் சுமக்கிறது, அல்லது துளியும் சுமக்கவில்லை. எண் சொல்வது வெறும் வாய்ப்பை. இதற்குக் கூடுதல் விலை கொடுப்பவர் சாத்தியத்தை வாங்குகிறார். பெற்றோர் யார் என்ற விற்பனையாளரின் வாய்மொழிதான் அதற்கு ஆதாரம். வீட்டில் ஒரே ஒரு பாம்பை அன்போடு வளர்க்க விரும்புபவருக்கு இந்த எண்ணால் எந்தப் பயனும் இல்லை.

எல்லா மார்ஃபும் ஒடுங்கு பண்பில்லை. பேஸ்டல், மொஹாவே போன்றவை ஒரு பிரதியிலேயே தெரியும். இரு பிரதி சேர்ந்தால் தோற்றம் இன்னும் மாறும். மொஹாவேயின் இரு பிரதி சேர்ந்தால் நீலக் கண்ணோடு வெள்ளைப் பாம்பு பிறக்கும். ‘பனானா’ என்ற மஞ்சள் வகையோ பாலினக் குரோமோசோமோடு ஒட்டியது. அதனால்தான் சில ஆண் பாம்புகளின் பனானாக் குட்டிகள் ஏறக்குறைய எல்லாம் ஆணாகவே பிறந்தன. மலைப்பாம்புகளில் பாலினத்தைத் தீர்மானிப்பது மனிதர்களைப் போலவே எக்ஸ், ஒய் குரோமோசோம்கள்தான் என்று 2017-இல் நிறுவப்பட்ட பிறகு இந்தப் புதிர் தெளிந்தது.

ஸ்பைடர்: அழகுக்காகத் தலை சுற்றும் உயிர்

இந்தப் பகுதியை யாரும் தாண்டிப் போகக் கூடாது. ‘ஸ்பைடர்’ என்ற மார்ஃப் 1990-களின் இறுதியில் வணிகத்துக்கு வந்தது. உடல் முழுவதும் மெல்லிய கருங்கோடுகள், சிலந்தி வலை பின்னியதுபோல. மிக அழகு. ஆனால் இந்த மார்ஃபைச் சேர்ந்த பாம்புகளுக்குத் தலை நடுங்கும். சிலவற்றுக்கு இலேசாக; சிலவற்றுக்குத் தலை திருகிக்கொண்டு, உடல் புரண்டு, இரையைக் குறிவைத்தால் தவறிப்போகும் அளவுக்கு.

வளர்ப்பவர்கள் நீண்ட காலம் இதைச் ‘சின்னத் தலையாட்டல்’ என்று கடந்து போனார்கள். 2022-இல் வெளிவந்த ஒரு ஆய்வு, நுண் எக்ஸ்கதிர்ப் படங்கள் மூலம் இந்தப் பாம்புகளின் உட்காதை ஆராய்ந்தது. உடல் சமநிலையை உணரும் அரைவட்டக் குழாய்களும் அதையடுத்த பையும் உருக்குலைந்திருந்தன. மேல் எது, கீழ் எது என்பதே அந்த உயிருக்குச் சரியாகத் தெரிவதில்லை. நிறமி அணுக்களும் உட்காதின் சில அணுக்களும் கருவில் ஒரே மூலத்திலிருந்து பிறப்பவை. அங்கே ஏற்படும் மாற்றம் தோலோடு நிற்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

பயிற்சியாலோ மருந்தாலோ இது தீராது, ஏனெனில் கோடுகளையும் நடுக்கத்தையும் தருவது ஒரே மரபணு. ‘நல்ல பரம்பரை, நடுக்கமே இல்லை’ என்று யார் சொன்னாலும் ஸ்பைடரை வாங்காதீர்கள். ஸ்பைடர் கலந்த ‘பம்பிள்பீ’ போன்ற சேர்க்கைகளுக்கும், இதேபோல் நடுக்கம் காணப்படும் ‘சாம்பெய்ன்’ வகைக்கும் இதைத்தான் சொல்வேன். வாங்குபவர் இருக்கும்வரை அந்தக் குட்டிகள் பிறந்துகொண்டே இருக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது?

அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தை ஒழுங்குபடுத்தும் உடன்படிக்கை சைட்டிஸ். இந்தியா 1976 முதல் அதில் உறுப்பு நாடு. பால் பைத்தான் அதன் இரண்டாம் பின்னிணைப்பில் இருக்கிறது. அதாவது வணிகம் தடைசெய்யப்படவில்லை. ஆனால் அனுமதி இல்லாமல் எல்லை தாண்டக் கூடாது.

நெடுங்காலம் நம் உள்நாட்டுச் சட்டம் அயல்நாட்டு உயிரினங்களைப் பற்றிப் பேசவே இல்லை. பாம்பு சுங்கத்தைத் தாண்டி ஊருக்குள் வந்துவிட்டால் பிறகு கேட்பாரில்லை என்ற எண்ணம் வளர்ந்தது அதனால்தான். 2020-இல் மத்திய அரசு, கையில் இருக்கும் அயல்நாட்டு உயிரினங்களைத் தாமாக முன்வந்து தெரிவிக்க ஒரு வாய்ப்பு அளித்தது. பிறகு வன உயிரினச் சட்டம் 2022-இல் திருத்தப்பட்டு, 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. சைட்டிஸ் பட்டியல் உயிரினங்கள் அந்தச் சட்டத்தின் நான்காம் அட்டவணையாக உள்ளே வந்தன. 49எம் பிரிவு, அவற்றை உயிரோடு வைத்திருப்பவர் பதிவு செய்ய வேண்டும் என்கிறது. அதற்கான விதிகள் 2024 பிப்ரவரி 28-இல் அறிவிக்கப்பட்டன. ஏற்கெனவே வைத்திருந்தவர்களுக்கு ஆறு மாத அவகாசம். அது 2024 ஆகஸ்ட் இறுதியோடு முடிந்தது. அதன் பிறகு பெறுபவர், பெற்ற 30 நாட்களுக்குள் ‘பரிவேஷ்’ இணையதளம் வழியாக, மாநிலத் தலைமை வன உயிரினக் காப்பாளரிடம் விண்ணப்பிக்க வேண்டும். கைமாற்றுவதையும் குட்டி பிறப்பதையும் பாம்பு இறப்பதையும்கூடத் தெரிவிக்க வேண்டும்.

எனவே காணொளிக்காரர் சொன்னதில் பாதி உண்மை. சட்டம் இடம் தருகிறது, ஆவணத்தோடு மட்டும். பயணியின் பெட்டியில் வந்த பாம்புக்கு ஏற்றுமதி நாட்டின் சைட்டிஸ் அனுமதியும் இல்லை, இந்திய இறக்குமதி உரிமமும் இல்லை, நோய்ப் பரிசோதனையும் இல்லை. அது வன உயிரினச் சட்டத்தோடு சுங்கச் சட்டத்தையும் மீறி வந்த பாம்பு.

வாங்குமுன் பார்க்க வேண்டியவை:

1. ஆவணத்தில் அறிவியல் பெயர் இருக்கிறதா? ‘பனானா’, ‘பைபால்ட்’ என்பவை வணிகப் பெயர்கள். சட்டத்தின் முன் அவற்றுக்கு இடமில்லை.

2. விற்பவர் பெயரில் அந்தப் பாம்புக்கே உரிய பதிவுச் சான்று இருக்கிறதா? வேறொரு பாம்பின் சான்றைக் காட்டி இன்னொன்றை விற்பதற்கு வாய்ப்புண்டு. படம், அளவு, பிறந்த நாள் ஆகியவற்றை ஒப்பிடுங்கள்.

3. கைமாற்றத்தை விதிப்படி தெரிவிக்க அவர் தயாரா? ‘முதலில் எடுத்துச் செல்லுங்கள், பதிவைப் பிறகு பார்க்கலாம்’ என்ற பேச்சு வந்தால் அங்கிருந்து திரும்பிவிடுங்கள்.

தண்டனை என்று பார்த்தால், பொதுவான மீறலுக்கு 3 ஆண்டு வரை சிறை அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். முதல் அட்டவணை உயிரினம் என்றால் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை. அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாது. நம் இந்திய மலைப்பாம்பிலும் எப்போதாவது வெளிறிய குட்டி பிறக்கும். அது எவ்வளவு வெளுத்திருந்தாலும் முதல் அட்டவணை உயிரினம்தான்.

மதுரையில் வளர்ப்பது: சூடேற்றுவதா, ஆற்றுவதா?

இணையத்தில் கிடைக்கும் பராமரிப்பு வழிகாட்டிகள் பெரும்பாலும் குளிர்நாட்டு வீடுகளுக்காக எழுதப்பட்டவை. அங்கே அறை 20 டிகிரியில் இருக்கும். பாம்புக்கு எப்படிச் சூடு தருவது என்பதே கவலை. அந்த அறிவுரையை அப்படியே எடுத்து, வெப்பப் பாய் வாங்கிப் பெட்டிக்கு அடியில் விரித்து, மே மாதத்தில் மொட்டை மாடி அறையில் வைத்தால் பாம்பு இறந்துவிடும். மதுரையில் கேள்வியே தலைகீழ்.

பால் பைத்தானுக்குப் பெட்டியின் ஒரு பக்கம் 31 முதல் 33 டிகிரி செல்சியஸ், மறுபக்கம் 25 முதல் 27 டிகிரி இருக்க வேண்டும். பாம்புக்கு வியர்க்காது. சூடு கூடினால் அதற்குத் தெரிந்த ஒரே வழி, குளிர்ந்த இடத்துக்கு நகர்வது. ஆப்பிரிக்கப் புல்வெளியிலும் நண்பகல் கொதிக்கத்தான் செய்கிறது. ஆனால் புற்றுக்குள் வெப்பமும் ஈரமும் நாள் முழுவதும் அதிகம் மாறுவதில்லை. பெட்டிக்குள் அடைத்துவிட்டால் நகர இடமில்லை. 35 டிகிரிக்கு மேல் சில மணி நேரம் நீடித்தாலே நரம்பு மண்டலம் பாதிக்கப்படலாம். கத்திரி வெயிலில் மதுரை 40 டிகிரியைத் தொடும் நாட்களில், கான்கிரீட் தளத்துக்கு நேர் கீழே உள்ள அறை இரவு பத்து மணிக்கும் ஆறுவதில்லை.

ஆண்டைப் பிரித்துப் பார்த்தால் இப்படி: மார்ச் முதல் செப்டம்பர் வரை சூடேற்றும் கருவி எதுவும் தேவைப்படாத நாட்களே அதிகம். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ஈரப்பதம் தானாகவே கிடைக்கும், காற்றோட்டம்தான் கவனம். டிசம்பர், ஜனவரி இரவுகளில் வெளியே 20 டிகிரியை ஒட்டி இறங்கும்போது மட்டும் ஒரு பக்கத்துக்கு இதமான சூடு வேண்டும். அப்போதும் சூட்டைத் தானாகக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் இல்லாமல் வெப்பப் பாயை இயக்கவே கூடாது. அடிவயிற்றில் படும் சூட்டை உணர்ந்து பாம்பு உடனே விலகிக்கொள்ளாது. வெந்த பிறகுதான் நமக்கே தெரியும்.

நம் ஊருக்கு ஏற்ற ஏற்பாடு:

1. இடம். தரைத்தளம், வடக்கு அல்லது கிழக்குச் சுவரை ஒட்டிய அறை. ஜன்னல் வெயில் எந்த நேரத்திலும் பெட்டி மேல் விழக் கூடாது. ஏசி அறை நல்லதுதான். ஆனால் மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலையிலிருந்து மாலை வரை மின்சாரம் நிற்கும் நாளை நினைத்துத் திட்டமிடுங்கள். ஏசி நின்றால் அறை எத்தனை டிகிரிக்குப் போகிறது என்று பாம்பு வருவதற்கு முன்பே, ஏப்ரலில் ஒரு நாள், அளந்து பாருங்கள். 34-ஐத் தாண்டினால் அந்த வீட்டில் வேறு அறை தேடுங்கள். வேறு அறை இல்லையென்றால் பாம்பு வேண்டாம்.

2. பெட்டி. வளர்ந்த பாம்புக்கு 4 அடி நீளம், 2 அடி அகலமாவது வேண்டும். பூட்டு கட்டாயம். மூடியை மூக்கால் நெம்பித் திறப்பதில் மலைப்பாம்புகள் கெட்டி.

3. ஒளிவிடம். சூடான பக்கம் ஒன்று, குளிர்ந்த பக்கம் ஒன்று. பாம்பு சுருண்டால் சுவர் மேலே உரசும் அளவுக்கு நெருக்கமாக இருந்தால்தான் அச்சமின்றி இருக்கும். விலை கூடிய பிளாஸ்டிக் குகை தேவையில்லை. மானாமதுரை மண்சட்டியை வாய்ப்பக்கம் கொஞ்சம் உடைத்து, விளிம்பை நன்றாகத் தேய்த்துக் கவிழ்த்துவிட்டால் போதும். கோடையில் அதன் வெளிப்புறத்தை நனைத்து வைத்தால் உள்ளே சில டிகிரி குறையும். எனக்குத் தெரிந்து புற்றுக்கு மிக அருகில் வருவது இதுதான்.

4. தரை விரிப்பு. தேங்காய் நார்த்தூள் நம் பக்கத்தில் செடி விற்கும் கடைகளிலேயே கட்டியாகக் கிடைக்கிறது. அதில் உப்பு இருக்கலாம். இரண்டு மூன்று முறை நீரில் அலசிப் பிழிந்து பயன்படுத்துங்கள். அடியில் ஈரம், மேலே உலர்வு என்றிருக்க வேண்டும். எப்போதும் சொதசொதவென்று இருந்தால் வயிற்றுச் செதில்கள் அழுகும். உமியும் மரத்தூளும் வேண்டாம். தூசி நுரையீரலுக்குப் போகும்.

5. ஈரப்பதம். 55 முதல் 70 சதவீதம். கோடை மதியத்தில் மதுரைக் காற்று இதைவிட மிகவும் வறண்டிருக்கும். ஏசி இன்னும் உறிஞ்சும். கண் பால் நிறமாகி, தோல் மங்கினால் சட்டை உரிக்கப் போகிறது என்று பொருள். அப்போது ஈரத்தைக் கூட்டுங்கள். சட்டை ஒரே துண்டாகக் கழன்றால் பராமரிப்பு சரி. துண்டு துண்டாக ஒட்டிக்கொண்டிருந்தால் வறட்சி. குறிப்பாகக் கண் மேலுள்ள படலம் உரியவில்லையென்றால் விரலால் பிய்க்காதீர்கள்.

6. தண்ணீர். பாம்பு உடம்பை இறக்கிப் படுக்கும் அளவுள்ள கனமான கிண்ணம். மே மாத மதியம் மேல்நிலைத் தொட்டியிலிருந்து வரும் குழாய்த் தண்ணீர் கையைச் சுடும், அதை ஊற்றாதீர்கள். மண்பானைத் தண்ணீர் உகந்தது. பால் வேண்டவே வேண்டாம். பாம்பு பால் குடிக்கும் பிராணி இல்லை.

7. புகை. கொசுவர்த்தி, சாம்பிராணி, கற்பூரம் எதுவும் அந்த அறையில் வேண்டாம்.

வாயைத் திறந்தபடி கிடப்பது, பகலில் ஓயாமல் பெட்டியைச் சுற்றுவது, தண்ணீர்க் கிண்ணத்தைவிட்டு வெளியே வராமல் இருப்பது ஆகியவை வெப்பம் தாங்கவில்லை என்பதற்கான அடையாளங்களாக இருக்கலாம். உடனே குளிர்ந்த அறைக்கு மாற்றி, சாதாரணத் தண்ணீரில் நனைத்த துணியை மேலே போடுங்கள். பனிக்கட்டி போட்ட நீர் கூடாது. அல்பினோவுக்கும் இதே விதிகள்தான். கண் மட்டும் வெளிச்சத்துக்குக் கூசும் என்பதால் பிரகாசமான விளக்கைத் தவிர்க்க வேண்டும்.

இரை

எலி தின்னும் பிராணி இது. வேறு எதையும் வைத்துச் சமாளிக்க முடியாது. குட்டிக்கு வாரம் ஒரு சிறிய சுண்டெலி, வளர்ந்ததற்கு 2 முதல் 4 வாரத்துக்கு ஒரு முறை பெரிய எலி. இரையின் பருமன் பாம்பின் உடலில் மிகப் பருத்த இடத்தைத் தாண்டக் கூடாது. உறைய வைத்து, பிறகு வெதுவெதுப்பாக்கிய எலியே பாதுகாப்பானது. உயிரோடு விட்டால், பசியில்லாத பாம்பை எலி கடித்துக் குதறிவிடும். வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் எலி வைப்பதற்கு அம்மாவும் பாட்டியும் சம்மதிப்பார்களா என்பதைப் பாம்பு வாங்குமுன் கேட்டுவிடுங்கள். சம்மதம் இல்லையென்றால் தனிப் பெட்டி வேண்டும்.

பால் பைத்தான் மாதக்கணக்கில் சாப்பிடாமல் இருப்பதும் உண்டு. சமையலறைத் தராசில் மாதம் ஒரு முறை எடை பாருங்கள். எடை நிலையாக இருந்தால் பதற வேண்டாம். எடை குறைந்துகொண்டே போனால் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

நோயும் ஆயுளும்

மூச்சில் விசில் சத்தம், மூக்கில் குமிழி, தலையை மேலே தூக்கியே வைத்திருப்பது ஆகியவை சுவாசத் தொற்றைக் காட்டும். மலைப்பாம்புகளில் இதை உண்டாக்கும் நைடோவைரஸ் 2014-இல்தான் அடையாளம் காணப்பட்டது. குணப்படுத்தும் மருந்து இன்னும் இல்லை. தண்ணீரில் கறுப்புப் புள்ளிகள் மிதந்தால் உண்ணி. நாய், பூனைக்குக் கிடைப்பதுபோல ஊர்வன மருத்துவம் தெரிந்த மருத்துவர் தெருவுக்குத் தெரு கிடைக்க மாட்டார். யாரிடம் போவது என்பதை வாங்குமுன்பே விசாரித்து வைத்திருங்கள். மனிதர்களுக்கு உள்ள ஆபத்து சால்மோனெல்லா என்ற பாக்டீரியா. தொட்ட பிறகு சோப்பால் கை கழுவுவது கட்டாயம். 5 வயதுக்குட்பட்ட குழந்தை உள்ள வீட்டில் வளர்ப்பதைத் தவிர்ப்பதே நல்லது.

வளர்ப்பில் 20 முதல் 30 ஆண்டு வாழ்வது இயல்பு. அமெரிக்காவின் செயிண்ட் லூயிஸ் விலங்குக் காட்சிசாலையில் 1961 முதல் இருந்த ஒரு பெண் பால் பைத்தான், 60 வயதைத் தாண்டி 2020-இல் முட்டையிட்டது. கல்லூரியில் படிக்கும் ஒருவர் இன்று குட்டி வாங்கினால், அவர் வேலைக்கு வெளியூர் போகும்போதும், திருமணம் ஆகும்போதும், அவருடைய பிள்ளை பள்ளி முடிக்கும்போதும் அது உயிரோடு இருக்கும். யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்விக்குப் பெயரோடு பதில் இருக்க வேண்டும்.

தப்பினால், கைவிட்டால்

பெட்டியிலிருந்து தப்பிய பாம்பு தொலைதூரம் போவதில்லை. முதலில் அதே அறையில் பீரோவுக்கு அடியிலும் மெத்தைக்குள்ளும் தேடுங்கள். இரவில் விளக்கணைத்த பிறகு அது நகரும். வீட்டைவிட்டு வெளியேறிவிட்டால் பக்கத்து வீட்டாரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். பழுப்புத் திட்டுகளோடு தடித்துக் கிடக்கும் பாம்பைக் கண்ணாடி விரியன் என்று நினைத்து அடித்துவிடுவார்கள். பயத்தில் செய்யும் அவர்கள் மீது குறை சொல்லவும் முடியாது. படத்தைக் காட்டி, நஞ்சற்றது என்று சொல்லி, கண்டால் தகவல் தரக் கேளுங்கள். தீயணைப்புத் துறையின் 101 எண்ணுக்கும் வனத்துறைக்கும் தெரிவியுங்கள். பதிவுச் சான்று கையில் இருந்தால்தான் இந்த அழைப்பைத் தயங்காமல் செய்ய முடியும்.

வளர்க்க முடியாமல் போனால் அழகர்மலையிலோ சிறுமலையிலோ நாகமலையிலோ கொண்டுபோய் விட்டுவிடலாம் என்ற எண்ணம் மட்டும் வரவே கூடாது. மஞ்சள் பாம்புக்கு அங்கே ஒளிந்துகொள்ள நிறம் இல்லை. கழுகும் கீரியும் விட்டுவைக்காது. சாதாரண நிறப் பாம்பு பிழைத்தாலோ, அதன் உடலில் இருக்கும் வைரஸும் உண்ணியும் நம் இந்திய மலைப்பாம்புக்குப் போய்ச் சேரும். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் வளர்த்தவர்களிடமிருந்து தப்பியும் விடப்பட்டும் பெருகிய பர்மிய மலைப்பாம்புகள், எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தின் சிறு விலங்குகளைப் பெருமளவில் அழித்துவிட்டன. அயல் உயிரினங்கள் பரவுவதைத் தடுக்கும் அதிகாரத்தை 2022 திருத்தம் மத்திய அரசுக்குத் தந்திருப்பதும் இந்த அச்சத்தால்தான்.

பதிவு செய்த பாம்பு என்றால், பதிவு செய்யத் தயாராக உள்ள இன்னொருவருக்கு விதிப்படி கைமாற்றலாம். பதிவே செய்யாமல் ஏற்கெனவே வைத்திருப்பவர்கள், விற்கவும் வேண்டாம், ஒளித்து வைக்கவும் வேண்டாம். ஒரு வழக்கறிஞரைக் கலந்துகொண்டு, மாவட்ட வன அலுவலகத்தில் எழுத்து மூலம் தெரிவியுங்கள். வாங்கிய நாள், வாங்கிய இடம், பணம் செலுத்திய ரசீது, பாம்பின் படம் ஆகியவற்றை அந்தக் கடிதத்தோடு இணைத்து, ஒப்புகையும் வாங்கிக்கொள்ளுங்கள்.